வெறுங்குழியில் வந்த நிறம்

அந்த வெள்ளிக்கிழமை திரையில் வந்த எண் 112.

ஒரு காயக்கட்டுப் பொருளின் சாற்றில் ஒரு நாள் முழுக்க ஊறிய எலிச் செல்கள், எந்தத் தொந்தரவும் இல்லாமல் வளர்ந்த செல்களைவிட 12 விழுக்காடு கூடுதலாக உயிரோடு இருக்கின்றன என்று அதற்குப் பொருள். 70க்குக் கீழே இறங்கினால்தான் எங்களுக்குக் கவலை. 112 என்றால் வாடிக்கையாளர் கேக் வெட்டலாம்.

மணி நாலரை. பினாங்கின் பாயான் லெப்பாஸில் வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஒரு நல்ல எண் வந்துவிட்டால் அதை யாரும் கிளற மாட்டார்கள். ஐந்து மணிக்குத் தொழிற்பேட்டை மொத்தமும் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கும். ஐந்து நிமிடம் பிந்திக் கிளம்பினால் பாலம் தாண்டி வீடு சேர ஒரு மணி நேரம் பிந்தும். நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். கோப்பை மூடுவதற்கு முன் படங்களையும் சேர்க்க வேண்டுமே என்று, மதியம் சாயம் ஊற்றுவதற்கு முன்பு தம்பி நுண்ணோக்கியில் எடுத்து வைத்திருந்த படங்களைத் திறந்தேன்.

தம்பி என்றால் சொந்தத் தம்பி இல்லை. லேப்பில் எனக்கு அடுத்து வேலைக்குச் சேர்ந்த பையன்.

எல்929 என்ற அந்த எலிச் செல் நன்றாக இருந்தால் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, இரண்டு முனையும் நீண்டு, கதிர்போலக் கிடக்கும். படத்தில் இருந்தவை உருண்டை உருண்டையாகச் சுருங்கி, ஆறிப்போன பாயாசத்தில் ஜவ்வரிசி மிதப்பதுபோல மிதந்துகொண்டிருந்தன. தம்பி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, செத்ததுங்களுக்கா 112?"

பையைக் கழற்றி வைத்தேன்.

*

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே பாதிப் பேருக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது. 'ஆஸ்பத்திரி சாமான் டெஸ்டு பண்றா' என்பார்கள். அது தப்பும் இல்லை.

பினாங்கு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடும் கடலும். உள்ளூரில் பாதிப் பேருக்கு அது 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தொழிற்பேட்டை. முதலில் மின்னணுச் சில்லுகள். தோட்டங்களிலிருந்தும் கம்பம் எனும் கிராமங்களிலிருந்தும் கம்பெனி பஸ் ஏறி வந்த பெண்கள்தான் அதை ஓட்டினார்கள், என் அம்மாவும் அதில் ஒருத்தி. பிறகு மெல்ல மெல்ல மருத்துவச் சாதனங்கள் வந்து சேர்ந்தன. சொட்டு மருந்துக் குழாய், சிறுநீர்க் குழாய், ஊசி, தையல் நூல், ரத்தக் குழாய்க்குள் போகும் மெல்லிய கம்பிகள் என்று நிறைய. உடம்பில் படும் எதுவானாலும், அதை விற்பதற்கு முன் அது உடம்போடு ஒத்துப்போகுமா என்று காட்ட வேண்டும். இதை உயிரிணக்கம் என்கிறோம். மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம் இருக்கிறது. சோதனைக்கு ஐஎஸ்ஓ 10993 என்ற உலக நியமத் தொகுதி இருக்கிறது. அதில் ஐந்தாம் பகுதி செல்லுக்கு நஞ்சா இல்லையா என்று பார்ப்பது. என் சோறு அந்த ஐந்தாம் பகுதியில்தான்.

சோதனையின் முதல் பாதி கஷாயம் வைப்பதுதான். பொருளை அப்படியே செல்மேல் போடாமல், செல் வளரும் மீடியத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்துச் சாறு எடுக்கிறோம். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய படலமென்றால் 6 சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிலிட்டர் மீடியம். அளவெடுக்க முடியாத கோணல் வடிவமென்றால் 0.2 கிராமுக்கு 1 மில்லிலிட்டர். பஞ்சுபோன்ற பொருள் வந்தால் இன்னொரு வேலை கூடும். அது தன் பங்குக்குக் குடிக்கும் மீடியத்தை முதலில் கொடுத்துவிட்டு, அதற்கு மேல்தான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு, "அக்கா, சாறே வரலையே" என்று காய்ந்த குழாயோடு நிற்பார்கள்.

அந்தச் சாற்றைச் செல்களுக்குக் கொடுத்து இன்னொரு நாள் விடுகிறோம். எல்929 என்பது எலியின் இணைப்புத் திசுவிலிருந்து வந்த வரிசை. 1940களில் அமெரிக்காவில் ஒரே ஒரு செல்லைத் தந்துகிக் குழாய்க்குள் தனியாகப் பிரித்து வைத்து, அதிலிருந்து பெருக்கியது. தனிச் செல்லிலிருந்து இப்படி வளர்த்தெடுத்த முதல் வரிசைகளில் ஒன்று. அந்த எலி செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் செல்கள் இன்னமும் பாயான் லெப்பாஸில் 37 டிகிரியில், 5 விழுக்காடு கார்பன் டையாக்சைடில், ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டிருக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் அதற்கு மீடியம் மாற்றுவது நான்தான். தீபாவளி லீவுக்குக்கூட அந்த எலியிடம் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

96 குழிகள் உள்ள ஒரு தட்டு. ஒரு குழிக்குப் பத்தாயிரம் செல். சில குழிகளுக்குச் சோதனைச் சாறு, சிலவற்றுக்கு வெறும் மீடியம், சிலவற்றுக்குக் கண்டிப்பாகக் கொல்லாத ஒன்று, சிலவற்றுக்குக் கண்டிப்பாகக் கொல்லும் ஒன்று. கொல்லாததற்குச் சாதாரண பாலிஎத்திலீன் படலம். கொல்வதற்கு நாங்கள் வாங்குவது ஜப்பானிலிருந்து வரும் பாலியூரித்தேன் படலம். அதில் 0.1 விழுக்காடு சிங்க் டைஎத்தில்டைதயோகார்பமேட் கலந்திருக்கும்.

முதல் நாள் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது ரப்பர் ஆலைச் சரக்கு. ரப்பர் பாலைக் கந்தகத்தோடு சேர்த்து இறுக்கும்போது வேலை சீக்கிரம் நடக்க இதைப் போடுவார்கள். என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். விடியற்காலை பெரட்டு என்ற ஆள்கணக்கு, தலையில் விளக்கு, மங்கில் சொட்டும் பால், காய்ந்த ஒட்டுப்பாலின் நாற்றம். அந்தப் பால் ஆலைக்குப் போய் என்னவெல்லாம் சேர்ந்து கையுறையாக வந்ததோ, அதில் ஒரு துளிதான் இன்று பேத்தியின் தட்டில் 'சாவு இப்படித்தான் இருக்கும்' என்று காட்டும் மாதிரி. இயற்கை ரப்பர் கையுறையின் சாற்றை நீர்க்காமல் ஊற்றினால் எங்கள் எலிச் செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பதில்லை. அதற்காகக் கையுறையைத் தூக்கி எறிவதும் இல்லை. முழுசாக இருக்கும் தோலுக்கும் மீடியத்தில் அம்மணமாகக் கிடக்கும் ஒற்றைச் செல்லுக்கும் எவ்வளவோ தூரம். எண்ணைப் பார்த்து முடிவு சொல்லும் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

சரி, செத்ததா பிழைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்த்து எண்ணலாம். நியமமும் நுண்ணோக்கியில் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போட வழி சொல்கிறது. 2க்கு மேல் போனால் நஞ்சு. ஆனால் கண்ணுக்குக் கண் வித்தியாசம் வரும். 96 குழியை உட்கார்ந்து எண்ணினால் கழுத்து போய்விடும். அதனால்தான் ஒளி. செல்லுக்குள் நடக்கும் ஏதோ ஒரு வேலையை நிறமாகவோ வெளிச்சமாகவோ மாற்றிவிட்டால் கருவி ஒரு நிமிடத்தில் தட்டு முழுவதையும் படித்துவிடும்.

இதில் பழைய ஆள் எம்டிடி. 1983இல் டிம் மோஸ்மன் எழுதிய கட்டுரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. மஞ்சள் நிறச் சாயம், உயிருள்ள செல்லுக்குள் போனால் அங்குள்ள நொதிகளால் ஊதா நிறப் படிகமாக மாறும். பழைய நீரைக் கொட்டிவிட்டுப் படிகத்தை ஐசோபுரோப்பனாலில் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்போம். ஊதா கூடக்கூட உயிர் கூட. அதற்குத் தம்பி முறை எக்ஸ்டிடி. அதன் நிறம் நீரிலேயே கரையும் ஆரஞ்சு. கொட்டவும் வேண்டாம், கரைக்கவும் வேண்டாம். செல்லும் சாறும் இருக்கும் குழியிலேயே சாயத்தை ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து 450இல் படித்துவிடலாம். சோம்பேறிகளுக்கு வரப்பிரசாதம். வெள்ளிக்கிழமை நாங்கள் செய்தது அதைத்தான்.

அந்தக் காயக்கட்டில் மஞ்சள் இருந்தது.

ஜெலட்டின் பஞ்சில் மஞ்சள் சத்து ஏற்றியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் சின்னதாக ஒரு கொட்டகையில் தொடங்கி, மானியம் வாங்கி, மூன்று பேராக நடத்தும் கம்பெனி. தமிழர்தான். முதல் தடவை மாதிரியைக் கொண்டு வந்து கொடுத்தபோதே, "மேடம், நம்ம பாட்டிங்க வைத்தியம், அத உலகத்துக்குக் கொண்டுபோறோம்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதுவும் ஒரு காரணமோ என்னவோ, 112ஐ நம்ப மனசு தயாராக இருந்தது. எங்கள் பாட்டி கத்தி கையைப் பதம் பார்த்த நாளெல்லாம் மஞ்சளை அப்பிக்கொண்டுதான் அடுத்த மரத்துக்குப் போனவர். மஞ்சள் கெடுக்காது என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் வளரவில்லை.

சிக்கல் இதுதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் 425 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாக விழுங்கும். அதன் வால் 450ஐத் தாண்டியும் நீளும். நாங்கள் அளப்பதும் 450இல். சாறு ஏற்கெனவே எலுமிச்சைச் சோற்று நிறம். கருவிக்கு ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றுதான். எவ்வளவு ஒளி வந்து சேரவில்லை என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். தூசி, கீறல் போன்ற இரைச்சலைக் கழிக்க 630க்கு மேல் இன்னொரு அளவு எடுத்துக் கழிப்போம். குர்குமினுக்கு அங்கே வேலையே இல்லை, அதனால் அந்தக் கழித்தலும் கைகொடுக்கவில்லை.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது, அது என்னுடையது. ஒவ்வொரு தட்டிலும் செல் இல்லாத குழிகள் சில வைப்போம். பின்னணி நிறத்தைக் கழிக்க. நான் அதில் ஊற்றியது வெறும் மீடியம். சோதனைச் சாற்றை ஊற்றியிருக்க வேண்டும். நிறமுள்ள மாதிரி வந்தால் சாறும் சாயமும் இருக்கட்டும், செல் மட்டும் இருக்கக்கூடாது, அப்படி ஒரு குழி வை என்று புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பவளே நான்தான்.

அன்று இரவு எட்டு மணி வரை இருந்து அதைச் செய்தோம். செல்லே இல்லாத ஆறு குழிகள். மஞ்சள் சாறு, மேலே எக்ஸ்டிடி. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால், யாருமே இல்லாத வீட்டில் விளக்கு எரிவதுபோல அத்தனை குழியிலும் நல்ல நிறம். சாறு தானாகவே கொண்டுவந்த நிறம் ஒரு பங்கு. சாயத்தைச் செல்லின் உதவி இல்லாமல் சாறே கொஞ்சம் மாற்றியிருந்தது இன்னொரு பங்கு. மஞ்சளில் இருப்பவைபோன்ற பாலிபீனால்கள் எலெக்ட்ரான் கொடுக்கத் தயங்காதவை. எக்ஸ்டிடிக்கு வேண்டியதும் எலெக்ட்ரான்தான், யார் கொடுத்தார்கள் என்று அது கேட்பதில்லை.

"பேய்க்குழிக்கா இது" என்றான் தம்பி. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பேய்க்குழியின் எண்ணைக் கழித்துப் போட்டால் 112 நாற்பது பக்கம் இறங்கி வந்தது.

*

கழித்தலில் வந்த எண்ணை வைத்து ஒருவரின் இரண்டு வருட உழைப்பை நிராகரிக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு ஒளியில் பார்க்கலாம் என்றேன்.

தம்பி ஒளிர்சாயத்தில் பார்க்க ஆசைப்பட்டான். உயிருள்ள செல் பச்சையாகவும் செத்தது சிவப்பாகவும் தெரியும் முறை. கால்சீன் ஏஎம் என்ற சாயம் உயிருள்ள செல்லுக்குள் போனதும் அங்குள்ள நொதி அதை வெட்டிவிடும், பச்சை ஒளி உள்ளேயே தங்கிவிடும். புரோப்பிடியம் அயோடைடு, உறை கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழைந்து டிஎன்ஏயில் ஒட்டிச் சிவப்பாகும். படம் அழகாக வரும், அறிக்கையில் வாடிக்கையாளருக்கும் பிடிக்கும். செய்தோம். தட்டு முழுக்க ஒரே பச்சை. சிவப்பு விழுந்த செல்களும் பச்சைதான். நீல ஒளி அடித்தால் குர்குமினும் பச்சையாக ஒளிரும். செல் செத்தாலும் பிழைத்தாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலடியில் நின்று, யார் மஞ்சள் உடுத்தியிருக்கிறார்கள் என்று ஆளைத் தேடுவதுபோலத்தான்.

மிச்சமிருந்தது மின்மினி.

கோவிட் காலத்துக்குப் பிறகு ஒருமுறை பாட்டியை நிபோங் திபாலில் கிரியான் ஆற்றுக்குக் கூட்டிப் போனோம். இரவில் படகில் போய் மின்மினி பார்ப்பது. கரையோரம் பெரம்பாங் மரங்கள், அதில் ஆயிரக்கணக்கில் பூச்சி, ஒன்று சேர்ந்து அணைவதும் எரிவதுமாக. படகுக்காரர் எஞ்சினை நிறுத்தியதும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பாட்டி மட்டும் சத்தமாக, "இதையா காசு குடுத்துப் பாக்க வந்தீங்க? காட்டுல பெரட்டுக்குப் போறப்போ தெனமும் பாத்ததுதான்" என்றார். படகில் இருந்த சீனக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவர்களுக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார்கள்.

அப்போது பாட்டியிடம் சொன்னேன், இந்தப் பூச்சியின் சரக்குதான் என் வேலையிலும் இருக்கிறது என்று. நம்பவில்லை. ஆனால் நிஜம். மின்மினியின் வயிற்றில் லூசிஃபெரேஸ் என்ற நொதி, லூசிஃபெரின் என்ற பொருளை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து ஒளி விடுகிறது. அதற்கு ஏடிபி வேண்டும். ஏடிபி என்பது எல்லாச் செல்லிலும் புழங்கும் சில்லறைக் காசு. ஏடிபி இல்லாமல் அந்த ஒளி இல்லை என்று 1947இல் காட்டியவர் வில்லியம் மெக்எல்ராய். பால்டிமோரில் இருந்த அவர் ஆய்வுக்குப் பூச்சி போதாமல், 100 மின்மினிக்கு 25 சென்ட் என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் பிடிக்கச் சொன்னாராம். 1985இல் வட அமெரிக்க மின்மினியின் மரபணுவை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பூச்சிகளுக்கு விடுதலை. எங்களுக்கு வருவது குளிர்பெட்டியில் சின்னப் புட்டி.

செல் உயிரோடு இருந்தால் ஏடிபி இருக்கும். செத்துவிட்டால் புதிதாக உண்டாக்க முடியாது, மிச்சமிருப்பதையும் நொதிகள் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். ஆகவே, செல்லை உடைத்து, லூசிஃபெரேஸும் லூசிஃபெரினும் ஊற்றினால், எத்தனை உயிருள்ள செல் இருந்ததோ அந்த அளவுக்கு வெளிச்சம். இதில் எனக்குப் பிடித்தது, வெளியிலிருந்து விளக்கு அடிக்க வேண்டியதில்லை என்பது. விளக்கு அடிக்காவிட்டால் குர்குமின் ஒளிராது. மின்மினி நொதியின் ஒளி 560 நானோமீட்டர் பக்கம், மஞ்சள் கலந்த பச்சை. குர்குமின் அங்கே ஏறக்குறைய ஒன்றையும் விழுங்குவதில்லை. மஞ்சளுக்கு ஏற்ற விளக்கு இதுதான்.

அதற்காக இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. லூசிஃபெரேஸும் ஒரு நொதி, சாற்றில் உள்ள ஏதாவது அதன் கழுத்தையே பிடித்துவிட்டால் செல் நன்றாக இருந்தும் இருட்டாகத் தெரியும். அதனால் செல்லே இல்லாத சாற்றில் அளந்த அளவு ஏடிபியைக் கலந்து, வெறும் மீடியத்தில் கலந்ததோடு ஒப்பிட்டோம். வெளிச்சம் கொஞ்சம்தான் குறைந்தது. சமாளிக்கலாம். இதுவும் பேய்க்குழிதான், இந்தத் தடவை பேய்க்குச் சாப்பாடு வைத்தோம் அவ்வளவே.

இதில் வேறு கூத்துகளும் உண்டு. ஒளியை வீணாக்காமல் மேலே திருப்ப வெள்ளைத் தட்டு வேண்டும். வெள்ளைத் தட்டோ கூரை விளக்கைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் தானே மினுங்கும். சில நிமிடம் கருவிக்குள் இருட்டில் வைத்துப் பிறகுதான் படிக்க வேண்டும். இன்குபேட்டரின் 37 டிகிரியிலிருந்து எடுத்த தட்டை அப்படியே வைத்தாலும் கெட்டது. நடுக்குழிகள் சூடாகவே இருக்க, ஓரக்குழிகள் முதலில் ஆறி, ஒரே செல்லுக்கு இரண்டு வெளிச்சம் வரும். அரை மணி நேரம் மேசையில் ஆறட்டும் என்று விட வேண்டும். எங்கள் லேப்பில் ஏர்கண்டிஷன் நேர்கீழே ஒரு மேசை இருக்கிறது. அதில் தட்டு வைக்காதே என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை மாலை எண் வந்தது. முப்பதுகளில். எம்டிடியையும் போட்டோம், பழைய நீரைக் கொட்டி, செல் கழன்றுவிடாமல் மெதுவாகக் கழுவி. அதுவும் முப்பதுகளில். நுண்ணோக்கி மதிப்பெண் 4. மஞ்சள் கட்டு செல்லைக் கொல்கிறது.

*

லேப்பில் உடனே தீர்ப்பு வந்துவிட்டது. குர்குமினைக் கண்டபடி ஏற்றினால் செல்லுக்கு ஆகாது, இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாடிக்கையாளருக்கு நானே போன் செய்தேன்.

"மேடம், மஞ்சள் எப்படி மேடம் நஞ்சாகும்?"

"அளவு கூடினா எதுவும் ஆகும், அண்ணே."

"நாங்க போட்டது கொஞ்சந்தான். எங்கம்மா ரசத்துல போடறத விட கம்மி."

ரசக் கணக்கை அறிக்கையில் எழுத முடியாது. ஆனால் அவர் குரலில் இருந்த உறுதி என்னை உறுத்தியது. மஞ்சள் ஏற்றாத வெறும் பஞ்சு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, நாளைக்கே கொண்டு வருகிறேன் என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றார், கையில் பஞ்சும் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறும். நாசி லெமாக்கை வாங்கிக்கொள்ளக்கூடாது என்பது விதி. காவலாளி வாங்கிக்கொண்டார்.

வெறும் பஞ்சு. பாலாடைபோல வெள்ளை. நிறமே இல்லாததால் எந்த ஒளியிலும் தயக்கமில்லை, எக்ஸ்டிடியே போதும். செல்கள் அதிலும் செத்தன. மஞ்சளோடு செத்த அதே அளவுக்கு.

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. ஜெலட்டின் பஞ்சு நீரில் கரையாமல் நிற்க வேண்டுமானால் அதன் இழைகளை ஒன்றோடொன்று கட்ட வேண்டும். எதைக் கொண்டு கட்டினீர்கள் என்று கேட்டேன். குளுட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில் உள்நோக்குக் கருவிகளைக் கிருமி நீக்க ஊறவைக்கும் அதே சரக்கு. திசுவை நுண்ணோக்கிக்காக அப்படியே உறைய வைப்பதற்கும் அதுதான். புரதத்தின் அமினோ கைகளைப் பிடித்துக் கட்டுவதில் கெட்டிக்காரன். பஞ்சைக் கட்டி முடித்த பின் மிச்சமிருந்தால், அடுத்து செல்லின் புரதங்களைக் கட்டப் போகும். அவர்கள் நீரில் இரண்டு முறை அலசியிருந்தார்கள். போதவில்லை. கிளைசின் கரைசலில் ஊறவைத்தால் மிச்சமிருக்கும் கைகள் கிளைசினைப் பிடித்துக்கொண்டு அடங்கும், அதற்குப் பிறகு நன்றாக அலசலாம் என்பது பொதுவாக எல்லாரும் செய்வதுதான். சோதனை லேப் ஆலோசனை சொல்லக்கூடாது, அதுவும் விதி. எந்த நூலகத்தில் எதைத் தேடலாம் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "இதுல பாசாயிட்டா போதுமா மேடம்? உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?"

போதாது. அம்மாவின் கதையைச் சொன்னேன். கவரிங் தோடு போட்டால் இரண்டே நாளில் காது சிவந்து நீர் கோர்க்கும். நிக்கல் ஒவ்வாமை. அதே கடையில் அதே தோடு வாங்கிய சித்திக்கு ஒன்றுமே ஆகாது. ஒவ்வாமை என்பது உடம்பின் ஞாபகம். எலியின் ஒற்றைச் செல் வரிசைக்கு அந்த ஞாபகம் கிடையாது, அதனிடம் எத்தனை ஒளி அடித்துக் கேட்டாலும் சொல்லாது. அறுவைச் சிகிச்சையில் புழங்கும் 316எல் எஃகில் 10 முதல் 14 விழுக்காடு நிக்கல் இருக்கிறது, அதையும் எங்கள் செல்கள் பொறுத்துக்கொள்கின்றன, ஏனென்றால் நிக்கல் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. ஐரோப்பாவில் காது குத்தும் தோட்டுக்குச் சட்டம் கேட்பதுகூட வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து எவ்வளவு நிக்கல் கசிகிறது என்றுதான். வரம்பு 0.2 மைக்ரோகிராம். ஆகவே தோல் எரிச்சலுக்குத் தனிச் சோதனை, ஒவ்வாமைக்குத் தனிச் சோதனை, ரத்தத்தோடு படுவதற்குத் தனி. என்னுடையது வாசல் கதவு மட்டும்.

"இன்னும் எத்தன கதவு மேடம்?" என்றார். சிரித்தார், ஆனால் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

*

அறிக்கை எழுதுவதற்குள் எனக்கு மேலே இருப்பவரிடம் ஒரு விவாதம். வெள்ளிக்கிழமை வந்த 112ஐக் கோப்பில் வைக்க வேண்டுமா? தவறான பின்னணியோடு எடுத்தது, செல்லாத சோதனை ஓட்டம், அழித்துவிடலாம் என்றார் அவர். வைக்க வேண்டும், ஏன் செல்லாது என்பதோடு வைக்க வேண்டும் என்றேன் நான். என் பெயரில் பதிவான தப்பு அது. அதை மறைப்பதில் எனக்குத்தான் லாபம், அவருக்கு ஒன்றுமில்லை, அதனால் அவர் ரொம்ப நேரம் வாதாடவில்லை. கோப்பில் இருக்கிறது. விலகல் அறிக்கை ஒன்று, காரணம், திருத்தம், என் கையெழுத்து.

பாட்டிக்கு இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். மஞ்சள் தப்பு பண்ணவில்லை, அதைக் கட்டிய மருந்துதான் காரணம் என்று. "அதான் எனக்குத் தெரியுமே" என்றார். மஞ்சள் நல்லது என்றும் என் சோதனை சொல்லவில்லை பாட்டி என்றேன். அதற்குள் தொலைக்காட்சியில் நாடகம் ஆரம்பித்துவிட்டது.

அடுத்த மாதிரி ஏழு வாரம் கழித்து வந்தது. கிளைசினில் ஊறி, நான்கு முறை அலசியது. மஞ்சள் சற்று வெளுத்திருந்தது, அலசியதில் அதுவும் கொஞ்சம் போயிருக்கும். இந்தத் தடவை மூன்று முறையிலும் தனித்தனித் தட்டு போட்டோம். மின்மினி 91 சொன்னது. எம்டிடி 86. எக்ஸ்டிடி, பேய்க்குழியைக் கழித்த பின், 94. மூன்றும் ஒன்றாக இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஒன்று நொதியைக் கேட்கிறது, ஒன்று காசு இருப்பைக் கேட்கிறது. செல்கள் கதிர்போல நீண்டு, தட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. அந்தப் படத்தை அறிக்கையின் முதல் பக்கத்தில் வைத்தேன்.

இப்போது எங்கள் லேப்பில் எந்த மாதிரி வந்தாலும், நிறம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைசி வரிசையில் செல் இல்லாமல் சாற்றை மட்டும் ஊற்றுகிறோம். போன மாதம் ஒரு கறுப்பு சிலிக்கோன் குழாய்க்கு நான் சொல்லாமலே தம்பி அதைச் செய்திருந்தான். தட்டின் மூடியில் அந்த வரிசைக்கு நேரே மார்க்கரில் 'பே' என்று எழுதியிருந்தான். தணிக்கைக்கு வந்த சீனர் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, செயல்முறைக் கையேட்டில் இந்தக் குறியீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.